தட்டிக்குப் பின்னால் வாருங்கள், சனீஸ்வரன் வேஷம் கட்டுகிறார்!

சனிக்கிழமை விடியற்காலை திருநள்ளாறு போயிருக்கிறீர்களா? நளதீர்த்தத்தில் கூட்டம் கூட்டமாக முழுக்குப் போடுகிறார்கள். எழுந்ததும் உடுத்தியிருந்த துணியை அங்கேயே விட்டுவிட்டுப் புதுசு கட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல் கோயிலுக்கு நடக்கிறார்கள். துணியை விடாதீர்கள் என்று எத்தனை தடவை சொன்னாலும் யார் கேட்கிறார்கள்! பக்தர் கண்ணுக்கு இது தோஷ நிவர்த்தி. நாடகப் பைத்தியம் பிடித்த என் கண்ணுக்கோ, ஊரே ஒன்றுகூடி வேஷம் கலைக்கிற மாபெரும் ஒப்பனை அறை!

கதையும் அப்படித்தானே இருக்கிறது? நளன் முதலில் ராஜபார்ட். சனி பிடித்ததும் சூதாட்டம், காடு, ஒற்றைத் துணி. கார்க்கோடகன் கடித்ததும் முகமே மாறி, அடையாளம் தெரியாத சமையல்காரனாகிறான். கடைசி சீனில் பழைய முகம் திரும்புகிறது. ஒரே ராத்திரியில் மூன்று மேக்கப்! இதை நாடகமாக்காமல் எந்த வாத்தியார் விட்டுவைப்பார்?

அங்கிருந்து கிழக்கே ஐந்தாறு கிலோமீட்டரில் காரைக்கால் டவுன். அங்கே இன்னொரு வேஷ மாற்றம் காத்திருக்கிறது. புனிதவதி என்ற வணிகர் வீட்டுப் பெண். மாம்பழ அற்புதத்தைக் கண்டு மிரண்டுபோன கணவன் பரமதத்தன் கப்பல் ஏறிப் போனவன், திரும்பி வரவேயில்லை. பாண்டிய நாட்டில் இன்னொரு குடும்பம் அமைத்து, பிறந்த பெண்ணுக்குப் புனிதவதி என்றே பெயர் வைத்தான்! தேடிக்கொண்டு போன மனைவியைத் தெய்வமென்று சொல்லிக் காலில் வேறு விழுந்தான். இந்த அழகு இனி யாருக்கு என்று அவள் உடம்பின் சதையை உதறிவிட்டுப் பேயுரு கேட்டு வாங்கிக்கொண்டு, காரைக்கால் பேயார், காரைக்கால் அம்மையார் என்றே ஆகிவிட்டாள். ஆனி மாசம் மாங்கனித் திருவிழாவில் இந்தக் கதையை ஊரே நடித்துக் காட்டும். மாப்பிள்ளை அழைப்பு உண்டு, திருக்கல்யாணம் உண்டு. பிட்சாடனர் வீதியுலா வரும்போது மாடிமாடியாக மாம்பழம் பறக்கும். பிள்ளை வரம் வேண்டுகிறவர்கள் முந்தானையை விரித்துப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டிக்கெட் கிடையாது, முன் வரிசை பின் வரிசை கிடையாது. ஒரு பழம் மண்டையில் விழுந்தால் அதுவும் பிரசாதம்.

1739-லிருந்து 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சுக்காரன் ஆண்ட சின்னஞ்சிறு மண் இது. சுற்றிலும் பழைய தஞ்சை ஜில்லா வயல், கிழக்கே கடல். இவ்வளவு சின்ன இடத்துக்குள் சனீஸ்வரன், பேயார் என்று தமிழ் மேடையின் பயங்கரமான வேஷங்கள் இரண்டுக்கு ஊர் அமைந்தது எப்படியோ! அந்த இரண்டு வேஷங்களின் வாலைப் பிடித்துக்கொண்டு போனால், தமிழ் நாடகத்தின் மிகப் பெரிய குடும்பம் ஒன்றின் பின்வாசல் திறந்துகொள்கிறது. வாருங்கள், சத்தம் போடாமல் தட்டியை விலக்கிப் பார்க்கலாம்.

முதலில் சனீஸ்வரன்.

வேஷம் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர் தூத்துக்குடி பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டிக்காரர், 1867-இல் பிறந்தவர். பழனி தண்டபாணி சுவாமிகளிடம் தமிழ் படித்தவர், கொஞ்ச காலம் உப்புக் கம்பெனியில் கணக்கு எழுதியவர். இருபத்து நான்கு வயதில் நாடகத்துக்குள் வந்து விழுந்தார். அப்புறம் வெளியே போகவில்லை. பெயர் சங்கரதாஸ். சுவாமிகள் என்ற பட்டம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது. இரணியன், இராவணன், எமன், சனி என்று எல்லாமே மிரட்டல் வேஷங்கள்.

நாடகக்காரர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை ஒன்று உண்டு. நளதமயந்தியில் சனீஸ்வரன் வேஷம் போட்ட ஒரு ராத்திரி முடிந்து, விடிகாலை இருட்டில் முகம் கழுவ நீர்த்துறைக்குப் போனாராம். தண்ணீர் எடுக்க வந்த பெண் அந்தக் கரிய கோலத்தைப் பார்த்த அதிர்ச்சியிலேயே உயிரை விட்டாளாம். இன்னொரு தடவை, சாவித்திரி நாடகத்தில் எமனாக அவர் பாய்ந்து வந்த வேகத்தில், பார்த்துக்கொண்டிருந்த கர்ப்பிணி ஒருத்திக்குக் கரு கலைந்தது என்பார்கள். அதோடு வேஷம் கட்டுவதையே விட்டார், பேனா பிடித்தார். கதையில் எவ்வளவு உப்பு, எவ்வளவு புளி என்று நான் அளக்கப் போவதில்லை. ஆனால் ஒரு நடிகன் தன் முகத்துக்குத் தானே பயந்து மேடையை விட்டிறங்கினான் என்பதைவிட நல்ல விளம்பரம் எந்த நாடகக் கம்பெனிக்கும் வாய்த்ததில்லை!

அவர் இறங்கியதில் லாபம் நமக்கு. வள்ளி திருமணம், பவளக்கொடி, கோவலன் சரித்திரம், சத்தியவான் சாவித்திரி, நல்லதங்காள் என்று இன்றைக்கும் மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் திருவிழாவில் விடிய விடிய ஓடும் ஸ்பெஷல் நாடகங்களின் மூலப் பிரதி எல்லாம் அவர் கை. கல்யாணம் செய்துகொள்ளாத மனிதர். புதுக்கோட்டையில் கஞ்சிராவுக்குப் பேர்போன மான்பூண்டியா பிள்ளை அவரைத் தம் பிள்ளையாகவே சுவீகரித்துக்கொண்டார். அப்படி ஒரு வீட்டுக்குப் பிள்ளையாகப் போனவர், பிற்பாடு எத்தனையோ வீட்டுப் பிள்ளைகளுக்கு அப்பாவானார்.

எப்படி என்கிறீர்களா? பெரிய நடிகர்கள் படுத்திய பாடு! எழுதிக் கொடுத்ததைப் பாடமாட்டார்கள். மேடையிலேயே ஒருவரையொருவர் மட்டம் தட்டிக் கொள்வார்கள். சிலர் வரும்போதே தள்ளாடிக்கொண்டு வருவார்கள். வெறுத்துப்போன சுவாமிகள் பையன்கள் பக்கம் திரும்பினார். 1918-இல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை கிளம்பியது. பெரியவர்களிடம் கிடைக்காத ஒழுங்கு இப்படிப் பையன்களே நடிக்கும் பாய்ஸ் கம்பெனியில் கிடைத்தது.

அந்தச் சபைக்குள் அதே வருஷம் வந்து சேர்ந்த குடும்பம்தான் நம் குடும்பம். அப்பா திருவனந்தபுரம் கண்ணுசாமிப் பிள்ளை, ஸ்திரீபார்ட்டில் பெயரெடுத்தவர். புடவை கட்டி, சவுரி முடித்து, ராணியாக நடந்து வந்தால் சபை சொக்கும் ரகம். கூட வந்த பிள்ளைகள் சங்கரன், முத்துசாமி, சண்முகம். சண்முகத்துக்கு வயது ஆறு! கடைக்குட்டி பகவதி பின்னால் வந்து சேர்ந்துகொண்டான். டி.கே.எஸ். சகோதரர்கள் என்று பின்னாளில் நாடே சொன்ன பெயரில் ‘டி’ திருவனந்தபுரம், ‘கே’ கண்ணுசாமி. ஆயுள் முழுக்க அப்பாவை இனிஷியலில் சுமந்துகொண்டே போஸ்டரில் நின்றார்கள்.

உள்ளே எட்டிப் பாருங்கள், எத்தனை கூத்து! ஆறு வயசுப் பொடியனுக்கு நாலு பேர் சேர்ந்து அரிதாரம் தடவுகிறார்கள். பக்கத்தில் முத்துவெள்ளை குழைக்கிற வாசனை. ஒரு மூலையில் ஆர்மோனியம் சுருதி பிடிக்க, இன்னொரு மூலையில் நாளைய பாடம் நெட்டுருவாகிறது. பையன்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், பாட்டு வகுப்பு எல்லாம் கம்பெனி வீடுதான். ராத்திரி பத்து மணிக்கு ராஜாவாக இருக்கிறவன் காலையில் சாப்பாட்டுப் பந்தியில் கடைசி ஆள். இவன் பாடம் அவனுக்கு, அவன் பாடம் இவனுக்கு என்று எல்லாருக்கும் எல்லாப் பாடமும் மனப்பாடம். ஒருத்தனுக்குக் காய்ச்சல் வந்தால் ஆட்டம் நிற்கக்கூடாதே!

இந்தப் பொடியன் சண்முகத்துக்காக ஒரு ராத்திரி நடந்ததுதான் எனக்கு ஆகப் பிடித்த பின்மேடைக் கதை. குழந்தை நன்றாகப் பாடுகிறான், நடிக்கிறான், இவனைக் கதாநாயகனாக வைத்து ஒரு நாடகம் வேண்டும் என்று பேச்சு எழுந்தது. சுவாமிகள் விளக்கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடிந்து பார்த்தால் ‘அபிமன்யு சுந்தரி’ முழு நாடகம் தயார்! நூற்றுக்கும் மேற்பட்ட பாட்டு, வசனம் உள்பட நான்கு மணி நேர ஆட்டம், அடித்தல் திருத்தல் இல்லாமல். நான் ஒரு பக்கம் எழுத நாலு தடவை அடிக்கிறவன், எனக்கு வயிற்றெரிச்சல் வராதா? பாரதத்தில் அபிமன்யு யார் என்று யோசித்தீர்களா? பெரியவர்களின் சண்டைக்குள் தனியாக அனுப்பிவைக்கப்பட்டு, திரும்ப வழி தெரியாமல் மாண்ட பிள்ளை. அவனாக நடித்தவனும் பிள்ளை.

பாய்ஸ் கம்பெனியில் எமனைவிடப் பயப்பட வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. பெயர் மகரக்கட்டு. பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் உடையும் பாருங்கள், அது. நேற்றுவரை ஐந்து கட்டையில் கூவி ஒன்ஸ்மோர் வாங்கிய பையன் இன்று காலை வாயைத் திறந்தால் தவளை கத்தும். வள்ளியாக வந்தவன் அதோடு கூட்டத்தில் ஒருவனாகிவிடுவான், சில பேர் திரை இழுக்கப் போவார்கள், சில பேர் ஊருக்கே போய்விடுவார்கள். அப்பா அம்மாவை விட்டு வந்த பிள்ளைக்குக் குரல்தான் சொத்து. அதை அவன் உடம்பே பறித்துக்கொள்ளும். இந்தக் கண்டத்தைத் தாண்டி மறுகரை ஏறியவர்கள்தான் பிற்பாடு தமிழ் சினிமாவை நிறைத்தார்கள். எம்.ஜி.ஆரும் சிவாஜியும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள்தான்.

குரல் போகும் துக்கம் வாத்தியாரையும் விடவில்லை. 1921-இல் சுவாமிகளைப் பக்கவாதம் அடித்தது. கையும் காலும் முடங்கின. எல்லாவற்றையும்விடக் கொடுமை, பேச்சு போய்விட்டது. ராத்திரியோடு ராத்திரியாக நூறு பாட்டு எழுதின மனிதருக்குச் சொல் இல்லை. 1922 நவம்பர் 13-இல் பிரெஞ்சு மண்ணிலேயே, புதுச்சேரியில், கண்ணை மூடினார். கருவடிக்குப்பத்தில் அடக்கம். இன்றைக்குப் புதுவைப் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கு அவர் பெயர். காரைக்காலும் அதே புதுவை யூனியன் பிரதேசம்தான். சனீஸ்வரன் ஊரைத் தன்னிடம் வைத்திருக்கும் ஆட்சிப் பகுதியே சனீஸ்வரனாக நின்று ஊரைக் கலக்கியவரையும் தன் மண்ணில் வைத்துக்கொண்டது.

வாத்தியார் போனார், பையன்கள் நின்றார்கள். 1925 மார்ச் 31-இல் திருவனந்தபுரத்தில் மதுரை ஸ்ரீ பால ஷண்முகானந்த சபை என்று சொந்தக் கம்பெனி தொடங்கியபோது சண்முகத்துக்குப் பதின்மூன்று வயதுகூட நிறையவில்லை! ஊர் திருவனந்தபுரம், பெயரில் மதுரை. கணக்கும் நிர்வாகமும் அண்ணன் சங்கரன் தலையில். எழுத்து முத்துசாமி. முகம் சண்முகம். கம்பீரம் பகவதி. நாகர்கோவில் ஒழுகினசேரிப் பையன் என்.எஸ். கிருஷ்ணன் வந்து சேர்ந்து கொட்டகையைச் சிரிப்பில் உருட்டினான். எம். கந்தசாமி முதலியார் வாத்தியாராக வந்து, ஜே.ஆர். ரங்கராஜுவின் துப்பறியும் நாவல்களையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரின் ‘மேனகா’வையும் மேடையேற்றினார். புராண ராஜாக்கள் சட்டென்று கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டார்கள். அந்த முதலியாரின் பிள்ளைதான் ‘சந்திரலேகா’ படத்துக் கதாநாயகன் எம்.கே. ராதா. பாருங்கள், எந்தத் தட்டியை விலக்கினாலும் பின்னால் ஒரு அப்பாவும் பிள்ளையும்!

நடுவில் கொஞ்சம் போலீஸ் பயமும் உண்டு. வெ. சாமிநாத சர்மாவின் ‘பாணபுரத்து வீரன்’ தடைசெய்யப்பட்டதும், அதே கதைக்குத் ‘தேசபக்தி’ என்று புதுப் பெயர் சூட்டி ஆடினார்கள். பாரதியார் பாட்டுகள் கொட்டகையில் முழங்கின. நாடகத்தில் ஆள்மாறாட்டம் செய்யத் தெரிந்தவனுக்கு நாடகத்தையே ஆள்மாறாட்டம் செய்யத் தெரியாதா?

அதன்பிறகு சண்முகம் கிழவியானார்! ஆமாம், கட்டுமஸ்தான முப்பது வயசு ஆள், ஔவையார் வேஷத்தில் கூன் விழுந்து கோலூன்றி வந்து நின்றார். சிருங்கார ஸ்திரீபார்ட் போட்ட கண்ணுசாமிப் பிள்ளையின் மகன், அப்பா கட்டிய புடவையை நரைத்த தலையோடு கட்டிக்கொண்டார். அதற்குப் பிறகு அவர் வெறும் சண்முகம் இல்லை, ஔவை சண்முகம்.

இப்போது இரண்டாவது வேஷம், பேயார். இதற்கு அடுத்த தட்டியை விலக்க வேண்டும். அங்கேயும் சுவாமிகளின் பிள்ளைதான் உட்கார்ந்திருக்கிறான். செங்கோட்டை கங்காதர ஐயர் வீட்டுப் பையன் ராமகிருஷ்ணன், செல்லமாகக் கிட்டப்பா. 1906-இல் பிறந்தவன். அண்ணன் தம்பிகளும் நாடகத்திலேயே. மைக் இல்லாத காலத்தில் கொட்டகையின் கடைசித் தட்டிவரை போய் இடித்துத் திரும்பும் சாரீரம்.

இன்னொரு பக்கம் கொடுமுடியிலிருந்து ரயிலில் பாடியே ஆள் கண்ணில் பட்ட சிறுமி சுந்தராம்பாள். 1926 வாக்கில் கொழும்பு மேடையில் இருவரும் சந்தித்தார்கள். இவள் பாடினால் அவர் பாடுவார், அவர் ஒரு சங்கதி போட்டால் இவள் இரண்டு போடுவாள். போட்டி காதலாயிற்று. கிட்டப்பாவுக்கு ஏற்கெனவே மனைவி உண்டு, ஆனாலும் 1927-இல் மாயவரத்தில் கல்யாணம். காரைக்காலிலிருந்து பஸ் ஏறினால் ஒரு மணி நேர ஊர்தான் மாயவரம். பிறந்த குழந்தை சில நாளிலேயே போய்விட்டது. இருவருக்கும் நடுவே மனஸ்தாபம், பிரிவு, பிறகு அச்சிலேயே வந்துவிட்ட கடிதங்கள். 1933 டிசம்பர் 2-இல், இருபத்தேழு வயதில், கிட்டப்பா இறந்தார்.

சுந்தராம்பாளுக்கு இருபத்தைந்து. வெள்ளைப் புடவைக்கு மாறினார். ஆண் நடிகருக்கு ஜோடியாக இனி மேடையேறுவதில்லை என்று முடிவெடுத்தார். அப்படியானால் தொழில்? இங்கேதான் சுவாரசியம். ஜோடியாக நடிக்கமாட்டேன் என்றவர் ஆணாகவே நடித்தார்! 1935-இல் ‘நந்தனார்’ படத்தில் நந்தனாராக வந்தார். சம்பளம் ஒரு லட்சம், அந்தக் காலத்தில்! வேதியராக எதிரே நின்றவர் மகாராஜபுரம் விஸ்வநாத ஐயர். 1953-இல் ஜெமினியின் ‘ஔவையார்’. 1964-இல் ‘பூம்புகார்’ படத்தில் கவுந்தி அடிகள். சண்முகம் கிழவி வேஷத்தால் புகழ்பெற்றதுபோலவே இவரும். ஒருவர் ஆண், இன்னொருவர் இளமையைத் தானே துறந்த பெண், இருவருக்கும் ஒரே ஔவையார்.

இனி 1973. மூச்சைப் பிடித்துக்கொள்ளுங்கள், எல்லாத் தட்டியும் ஒரே நேரத்தில் விலகுகிறது.

டி.கே.எஸ். கம்பெனியில் சின்னப் பையனாகச் சேர்ந்து பெண் வேஷம் கட்டிய ஒருவர் பிற்காலத்தில் சினிமா டைரக்டரானார். ‘திருவிளையாடல்’ எடுத்த ஏ.பி. நாகராஜன்தான். சகோதரர்கள் மேடையில் ஆடிப் புகழ்பெற்ற, அரு. ராமநாதன் எழுதிய ‘ராஜராஜ சோழன்’ நாடகத்தைச் சிவாஜியை வைத்துத் தமிழின் முதல் சினிமாஸ்கோப் படமாக எடுத்தார். மேடையில் சோழனாக நின்றவர் பகவதி. ‘சம்பூர்ண ராமாயணம்’ படத்தில் வீணையை வைத்துக்கொண்டு உட்கார்ந்த இராவணனை ஞாபகமிருக்கிறதா, அவரேதான். அந்த வருஷம் பிப்ரவரி 15-இல் சண்முகம் போய்விட்டார். தன் வாழ்க்கையை ‘எனது நாடக வாழ்க்கை’ என்று எழுதி அச்சில் பார்த்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. ‘ராஜராஜ சோழன்’ மார்ச்சில்தான் தியேட்டருக்கு வந்தது.

அதே வருஷம் அதே நாகராஜன் எடுத்த இன்னொரு படம் ‘காரைக்கால் அம்மையார்’. இளம் புனிதவதிக்கு லட்சுமி, பரமதத்தனுக்கு முத்துராமன். கணவன் விட்டுப்போனவள் அழகை உதறிவிட்டு நிற்கும் கோலத்துக்கு யாரைப் போடுவது? நாகராஜனுக்கு யோசனையே தேவைப்பட்டிருக்காது. கே.பி. சுந்தராம்பாள் வந்தார். நாற்பது வருஷமாக வெள்ளைப் புடவையில் இருந்தவர். மாயவரத்தில் மாலை மாற்றியவர் பக்கத்து ஊர்க்காரியின் பேயுருவில் நின்று பாடினார். அந்த ஒப்பனை அறையில் யார் யாரிடம் என்ன பேசினார்கள் என்று எட்டிப் பார்க்க நான் என்ன விலையும் கொடுப்பேன், ஆனால் அந்தத் தட்டி மட்டும் விலகமாட்டேன் என்கிறது. 1980-இல் அவரும் போனார்.

குடும்பம் தொடர்ந்தது. சண்முகத்தின் பிள்ளை டி.கே.எஸ். கலைவாணன் பாட்டைக் கையில் எடுத்துக்கொண்டார். ஆனால் வேஷத்துக்கு வாரிசு ரத்தத்தில்தான் வர வேண்டும் என்று இந்த வீட்டில் சட்டமே கிடையாது. ‘களத்தூர் கண்ணம்மா’வுக்குப் பிறகு டி.கே.எஸ். நாடகக் குழுவில் வந்து சேர்ந்த ஒரு பொடியன், வளர்ந்து பெரியவனாகி, 1996-இல் புடவை கட்டிக் கொண்டை போட்டு மாமியாக வந்து தமிழ்நாட்டையே சிரிக்கவைத்தான். படத்தின் பெயர் ‘அவ்வை சண்முகி’. சென்னையில் லாயிட்ஸ் ரோடு என்று பழைய ஆட்கள் சொல்வது அவ்வை சண்முகம் சாலை. படத்தின் பெயரை அந்தத் தெருப் பலகையிலிருந்தா, பொடிப் பையனாகப் பார்த்த வாத்தியாரிடமிருந்தா, எங்கிருந்து எடுத்தார் என்று கமல்ஹாசனைத்தான் கேட்க வேண்டும். நான் வாத்தியார் கட்சி!